காதர் மாமா உன் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் பக்கத்தை மட்டும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பம்பாயில் மாடிப்படி ஏறி இறங்கியே மருமகள் இளைத்துவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டு, "இளைக்க அவகிட்ட என்ன இருக்கு?" என்று சிரித்தாள். இரண்டாம் பக்கத்தை மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குக் காதர் மாமா வரவில்லை, உடம்பு சரியில்லை என்று நான் சொன்னேன், ஆனால் அதே நாள் அவர் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்ததை உன் சிநேகிதன் கண்ணால் கண்டிருக்கிறான் என்று அதில் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, 'இங்கே எல்லோரும் சொல்வது உண்மைதான் போலிருக்கிறது. காலம் வந்ததும் அவர்கள் நம்மை விட்டு விலகிக்கொள்கிறார்கள்' என்று ஒரு வரி. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். அதை எழுதியது உன் கை. எழுத வைத்தவன் நான்.

பதிலை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் முதலில் எழுதினேன். பிறகு கிழித்துவிட்டு, பத்திரிகைக்கு அனுப்புவது என்று முடிவு செய்து இதைத் திரும்ப எழுதுகிறேன். நீ அச்சில் படிக்கும்போது உனக்கு வெட்கமாக இருக்கலாம். ஏன் இப்படிச் செய்தேன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் சொல்ல வரும். வரிசை தவறினால் பயம் வந்துவிடுகிறது.

நான் பஞ்சாலையில் ரைட்டராக இருந்தது உனக்குத் தெரியும். ஆள் வந்த நேரம், போன நேரம், மிஷின் நின்ற நேரம் எல்லாம் என் நோட்டில் ஏறும். எஞ்சின் ரூமுக்குக் கேட்கும்படியான பெரிய மணி ஒன்று என் மேஜைக்குப் பக்கத்துத் தூணில் தொங்கியது. அதன் கயிறு என் பொறுப்பு. முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, ஆண்டுதோறும் நவம்பர் பதினோராம் தேதி காலை பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. செத்தவர்களை நினைத்துக்கொள்ளவும், இனி உலகத்தில் சண்டை வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளவும். சர்க்கார் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் நின்றார்கள். எங்கள் ஆலையில் எஞ்சினையே நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் அதற்கு 'துரைமார் திவசம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "திவசம்னா வடை உண்டா ரைட்டரய்யா?" என்று கேட்பார்கள். நான் சிரிக்காமல், "வாயை மூடிட்டு நின்னாப் போதும்" என்பேன்.

ஆனால் எனக்கு அந்த நாள் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலை நின்றால் முதலில் காது அடைத்தது போல இருக்கும். பிறகு கூரையில் புறா முனகுவது கேட்கும். பறந்துகொண்டிருந்த பஞ்சுத் தூசி மெல்ல இறங்கி எல்லோர் தலையிலும் படியும். பஸ்ரா பக்கம் சண்டைக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் தகப்பன்மார் இரண்டு பேர் எங்களிடம் வேலை பார்த்தார்கள். அவர்கள் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உலகம் முழுக்க ஒரே வேளையில் மனிதர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், அதன் ஒரு முனை என் கையில் இருக்கிறது என்று நினைத்துப் பெருமைப்பட்டவன் நான். கெடிகாரத்தைப் பார்த்து முதல் மணி அடிப்பேன், எஞ்சின் நிற்கும். சரியாக இரண்டு நிமிஷம் கழித்து இரண்டாவது மணி அடிப்பேன், ஓடும். ஒரு வருஷமும் ஒரு நொடி பிசகியதில்லை. துரை தன் கெடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துத் தலையசைப்பார்.

உனக்கு ஆறு வயதாக இருந்தபோது வந்த நவம்பர் அது. பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில் காதர் வேலை பார்த்தார். அப்போது அவர் எனக்கு வெறும் ஒரு நம்பர். காலையில் நான் வருகைக் கணக்கு எடுத்துக்கொண்டு போகும்போது மேஸ்திரி அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டு நிமிசம் மிஷின் சும்மாத்தான நிக்கும்? பல்சக்கரத்துல அடைஞ்சு கெடக்குற பஞ்சை எடுத்துவிட்ரு. ஓடயில எடுத்தா கை போயிரும்." காதர், "தொரை பாத்தா வைவாரே?" என்றார். "தலையைக் குனிஞ்சுதான நிக்கணும்? நீ கொஞ்சம் கூடக் குனிஞ்சுக்க" என்று மேஸ்திரி சொன்னார். சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பேச்சை நான் கேட்டேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற நாட்களில் மிஷின் நின்றால், எஞ்சினோடு அதை இணைக்கும் பெல்ட்டைத் தள்ளிவிட்டு, பிறகு ஒவ்வொரு மிஷினாகப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். இந்த இரண்டு நிமிஷத்துக்கு மட்டும் பெல்ட்டைத் தள்ளக் கூடாது என்று உத்தரவு. தள்ளினால் திரும்பப் பூட்ட அரை மணி வீணாகும். அதனால் என் மணி கேட்டதும் எஞ்சின் கிளம்பும், எஞ்சின் கிளம்பினால் அத்தனை மிஷினும் ஒன்றாக ஓடும்.

பதினோரு மணிக்கு முதல் மணி அடித்தேன். எல்லாம் நின்றது. துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என் எதிரே நின்றார். நான் ஒரு கையில் கெடிகாரமும் ஒரு கையில் கயிறுமாக நின்றேன். என் இடத்திலிருந்து காதரின் முதுகும் வலது தோளும் தெரிந்தன. குனிந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மணிக்கு அரை நிமிஷம் இருக்கும்போது அவர் தோள் இழுபடுவதைப் பார்த்தேன். சட்டைக் கை பல்லில் மாட்டிக்கொண்டது. இடது கையால் அதை விடுவிக்கப் பார்க்கிறார். சத்தம் போடவில்லை. போடக் கூடாது என்பதுதானே உத்தரவு. இருபத்தைந்து நொடி. எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். இருபது. துரை என்னைப் பார்த்தார். அதற்கு முந்தின வருஷம் மௌனத்தில் உரக்கத் தும்மிய ஒருவனை அவர் வேலையை விட்டு அனுப்பியது ஞாபகம் வந்தது. பதினைந்து. தொண்டை வரைக்கும் ஒரு சத்தம் வந்தது. பத்து. ஐந்து. கயிற்றை இழுத்தேன்.

இருபது வருஷமாக நான் யோசித்து யோசித்துத் திரும்பி வரும் இடம் இதுதான். நான் வாயைத் திறந்து கத்தியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கயிற்றை இழுக்காமல் நின்றிருந்தால் போதும். சும்மா நிற்பதற்குத்தானே அங்கே நின்றோம். அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. நேரம் ஆகிவிட்டது என்று கெடிகாரம் சொன்னது, கை கேட்டது. மிஷின்கள் ஓடின சத்தத்தில் காதர் அலறியது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிய முகத்தில் வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. அன்றைக்குக் கேட்காத அந்தச் சத்தம் அதற்குப் பிறகு எங்கே அமைதியாக இருந்தாலும் எனக்குக் கேட்கிறது. கோயில் பிராகாரத்தில் கேட்டிருக்கிறது. உன் கல்யாணத்தில் மேளம் ஓய்ந்த இடைவெளியில் கேட்டது. சந்தடி அடங்கும் இடத்தில் நான் எதையாவது பேசத் தொடங்குவதும், நீயும் அம்மாவும் அதற்காக என்னைக் கேலி செய்வதும் இதனால்தான்.

மூன்றாம் நாள் விசாரணை. காதர் ஆஸ்பத்திரியிலிருந்து, மேஸ்திரி சொல்லித்தான் கையை விட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். மேஸ்திரி தான் சொல்லவேயில்லை என்றார். துரை என் பக்கம் திரும்பி, "நீ ஏதாவது கேட்டாயா? பார்த்தாயா?" என்றார். இல்லை என்றேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல, 'உத்தரவை மீறி, தன் சொந்தக் கவனக்குறைவால்' என்று விபத்து நோட்டில் எழுதினேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அப்படித்தான் இருந்தது. காதர் வெளியே வந்ததும் அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டி ரேகை வாங்கினேன். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டதால் இடது கட்டைவிரல். "நீங்க பாக்கலயா ரைட்டரய்யா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதை நம்பினார். வேறு யாரும் நம்பாத அளவுக்கு நம்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரிந்த கதை. கோரிப்பாளையம் தர்காவுக்குப் போகும் வழியில் ஊதுபத்தி, சர்க்கரை, பூ விற்க ஓர் இடம் வேண்டும் என்று அவருக்காக மனு எழுதினேன். நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தேன். ரைட்டரய்யா என்றவர் ரைட்டரண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார். நீ அவரை மாமா என்றாய், அவர் உன்னை மாப்ள என்றார். பழங்காநத்தத்து நம் வீட்டிலிருந்து திருவிழாவுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனால், ஒரு கையாலேயே உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "மாப்ள, நீதான் தலையைப் பிடிச்சுக்கிரணும், எனக்குக் கை பத்தாது" என்று ஆற்றங்கரைக் கூட்டத்துக்குள் நுழைவார். அப்போதெல்லாம் நான் இரண்டடி பின்னால் நடந்து வந்தேன். ஊரில் என்னை நல்லவன் என்றார்கள். ஒரு துலுக்கருக்காக இந்த மனுஷன் எம்புட்டு அலைகிறார் என்றார்கள். அந்தப் பேரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்த இரண்டாவது யுத்தம் வந்ததும் ஆலையில் அந்த மௌனத்தை நிறுத்திவிட்டார்கள். சண்டை வேண்டாம் என்று நின்றவர்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நவம்பர் பதினொன்றாம் தேதியும் காதர் கடைக்குப் போய் பதினோரு மணிக்கு அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அவர் கை போன நாள் என்பதால் வருகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "தொரை போனாலும் உங்க திவசம் போகாது" என்பார்.

இந்த வருஷம் போனபோது உன் கல்யாணப் பத்திரிகையையும் கொண்டுபோனேன். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூப்பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து முடிந்துகொண்டே பேசினார். "நானும் ஜைத்தூனும் மொத நாளே வந்துருவோம். ஆனா ஒண்ணு, அவளை எங்கயும் கூட்டிட்டுப் போகப் பயமா இருக்குண்ணே. நாலு பேரு என் கையைப் பத்திக் கேட்டா, 'ஊரே கல்லு மாதிரி நின்னுச்சு, இவுக கை மட்டும் வெளையாடப் போச்சு'ன்னு ஆரம்பிச்சிருவா. மேஸ்திரி சொன்னான்டின்னு இருபது வருசமாச் சொல்றேன். 'அப்ப ரைட்டரண்ணே பொய்யா எழுதுனாரு?'ங்கிறா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மனைவியைப் பற்றிச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உன் அப்பா தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளாதே. யோசிக்க நேரம் இருந்திருந்தால் அன்றும் சொல்லியிருக்க மாட்டேன். "பொய்யாத்தான் எழுதுனேன் காதர்" என்று வந்துவிட்டது. மேஸ்திரி சொன்னதைக் கேட்டேன் என்றேன். சட்டை மாட்டியதைப் பார்த்தேன், அரை நிமிஷம் இருந்தது, பார்த்துக்கொண்டேதான் மணி அடித்தேன் என்றேன். அவர் பல்லில் நூல் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தார். "அன்னைக்கு நான் ஏன் கத்தலன்னு தெரியுமாண்ணே? கயித்துல நீங்க நிக்கிறீகன்னு தெரியும். பாத்துட்டுத்தான் இழுப்பீகன்னு இருந்தேன்" என்றார். பிறகு கடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "எந்திரிங்க. இதை எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? வீட்டுக்கு வாங்க."

சந்துக்குள் நான்காவது வீடு. ஜைத்தூன் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கண்ணே, மாப்ளைக்குக் கல்யாணமாமே" என்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். காதர், "சொல்லுங்க" என்றார். முணுமுணுத்தேன். "சத்தமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஜைத்தூன் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முதலில் தன் புருஷனைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருபது வருஷத்து ஏச்சும் பேச்சும் ஒவ்வொன்றாக அவளுக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். "நான் உங்கள என்னென்ன பேசியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, அந்த மணியை ஒரு நிமிசம் கழிச்சு அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன்.

"ஒண்ணும் ஆயிருக்காதா?" என்று இன்னொரு முறை கேட்டாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "எழுதுனது நீங்கதான? எழுதியே மாத்துங்க. எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்துமா? இவுகளுக்குத் திமிருன்னு சொல்லாத ஆளு இந்தத் தெருவுல இல்ல" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. காதர் சந்து முனை வரைக்கும் கூட வந்தார். "பத்திரிகையை வச்சுக்கிறேன். மாப்ள மேல எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கட்டும். கல்யாணத்துக்கு வரமாட்டேன். வந்தா உங்களப் பாக்கணும்" என்றார். நான் நடந்தேன். பாலத்தின் மேல் வண்டிகளும் ஆட்களுமாக இரைச்சல். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த இரைச்சல் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மறுநாளே ஆலைக்குப் போனேன். அந்தப் பழைய நோட்டில் ஒரு வரி திருத்த வேண்டும் என்று இப்போதைய ரைட்டரிடம் கேட்டேன். சின்னப் பையன். என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பான். "அதெல்லாம் கரையான் தின்னு எத்தனையோ வருசமாச்சுங்கய்யா. அப்படியே இருந்திருந்தாலும் துரை கையெழுத்து இல்லாமத் தொட முடியாது" என்றான். நோட்டு போய்விட்டது, ஆனால் அதில் எழுதியது மட்டும் தெருவில் நடமாடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் போடுவாரா என்று தெரியாது. போட்டால் காதர் காதில் விழும், அந்தத் தெருவில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். காதர் மைதீன் உத்தரவை மீறவில்லை. மேஸ்திரி சொன்ன வேலையைச் செய்தார். அவர் கை மாட்டியதைப் பார்த்துக்கொண்டே மணி அடித்தவன் நான். இதை நான் என் சுய நினைவோடு எழுதுகிறேன்.

அதற்குப் பிறகும் உன்னிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னேன் பார், அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் எதற்கு, சமாதானமாக முடியட்டும் என்று நினைத்தேன். சமாதானத்துக்காக வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழகிப்போன வழி. பழகிவிட்டால் அது நல்ல குணம் மாதிரியே தெரிகிறது. நான் சொல்லாமல் விட்ட இடத்தில் உன் சிநேகிதர்களும் பம்பாய்ப் பேச்சும் புகுந்துகொண்டார்கள். வடக்கிலிருந்து வரும் கலவரச் செய்திகளைப் படிக்கும்போது எத்தனை வீடுகளில் இப்படி ஒரு காரணத்துக்குப் பதில் இன்னொரு காரணம் உட்கார்ந்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. எனக்கு உலக விஷயம் தெரியாது. தப்பாகவும் இருக்கலாம். ஆனால் என் வீட்டு விஷயம் தெரியும்: காதர் மாமா விலகியது உன்னை விட்டு இல்லை, நம் ஜாதியை விட்டு இல்லை. ஒரே ஒரு மனிதனை விட்டு. அதற்கு அவருக்கு முழு நியாயம் இருக்கிறது.

புதிதாகக் குடும்பம் தொடங்கியிருக்கிறாய். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது சந்தேகம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன் மனைவி ஏதாவது கேட்டு நீ பதில் சொல்லப் பயந்தால், நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று கெடிகாரத்தைப் பார்க்காதே. உன் அம்மாவிடம் நான் இதை முந்தாநாள்தான் சொன்னேன். அவள் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "இம்புட்டு வருசம் என் கையால அந்த மனுசன் எத்தனை தடவை காப்பி வாங்கிக் குடிச்சிருக்காரு. அப்பவாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அன்று மத்தியானம் அவளே தனியாகக் கோரிப்பாளையம் கிளம்பிப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பங்குனியில் லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். வந்ததும் உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு காதர் மாமா வீட்டுக்குப் போ. நான் வரமாட்டேன். ஜைத்தூன் சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிடு. உன் மனைவியைச் சரியாகக் கும்பிடச் சொல். அவர்கள் என்னைப் பற்றி எதுவும் பேசாமல் இருந்தால் நீயாக ஆரம்பிக்காதே. பேசினால், எவ்வளவு கடுமையாகப் பேசினாலும், கடைசி வரைக்கும் கேள். வயதாகிவிட்டது, பாவம், அப்பாவை மன்னித்துவிடுங்கள் என்று உனக்குச் சொல்லத் தோன்றும். நீ நல்ல பிள்ளை, அதனால் தோன்றும். சொல்லாதே. அந்த வீட்டில் எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே.